புதன்கிழமைத் திருநீறு

மகளைக் கொடைக்கானல் கல்லூரியில் சேர்க்கப் போன அன்று, வகுப்பறையைக் காட்டுவதற்கு முன்பே அந்த அறையைத்தான் எங்களுக்குக் காட்டினார்கள். கல்லூரிச் சிற்றாலயத்தை ஒட்டி, ஒரு கதவு தள்ளி இருந்தது. அலுவலகப் பெண் ஒருத்தி விளக்கைப் போட்டுவிட்டு, இது எல்லா மதத்தாருக்கும் பொதுவான வழிபாட்டு அறை, உங்கள் பெண் அவள் முறைப்படி இங்கே கும்பிட்டுக்கொள்ளலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள் என்றாள். சுவரில் எல்லா மதச் சின்னங்களையும் வட்டமாக வரைந்திருந்தார்கள். தரையில் நீலக் கம்பளம். அதிலிருந்து நனைந்த நாயின் வாடை வந்தது. அதை மறைக்க யாரோ ரோஜா ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். இரண்டும் கலந்து என் தொண்டையில் நின்றது.

என் கணவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். "குளிரும் சார், போட்டுக்கிட்டே வாங்க" என்றாள் அந்தப் பெண். அவர் கேட்கவில்லை. வெறுங்காலோடு போய், வட்டத்தில் ஓம் இருந்த பக்கமாக நின்று கும்பிட்டார். பழனி அடிவாரத்தில் விபூதி, குங்குமம், சந்தனம் விற்கும் கடை எங்களுடையது. ஒரு கிறிஸ்தவ நிர்வாகம் தன் ஆலயத்தின் விலாவில் நமக்கும் இடம் விட்டிருக்கிறது என்பது அவருக்குப் பெரிய விஷயம். திரும்பும்போது பெருமாள்மலையில் டீக்கு நிறுத்திய இடத்திலும் அதையே பேசினார். நான் ஹாஸ்டல் ஜன்னலில் கொக்கி சரியாக விழாததை நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் நான். எதுவும் நல்லபடியாக முடியும் என்று நம்பித் தொடங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆலயத்துக்கும் அந்த அறைக்கும் பொறுப்பாக ஒரு ஃபாதர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், மெல்லப் பேசுவார். பல வருஷமாக அந்த மலையிலேயே இருப்பவர். என் கணவர் அவரைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை ஆயக்குடிக் கொய்யா ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தோம். நின்ற இடத்திலேயே ஒன்றைத் துடைத்துக் கடித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நான் மறைக்க முடியாது. பிடிக்காத ஒருவர், பின்னால் அவர் நடந்துகொண்ட மாதிரி நடந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு குமட்டாது.

இரண்டாம் வருஷம் மகள் ஆலயத்தையும் அறையையும் கவனித்துக்கொள்ளும் மாணவர் குழுவில் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் அறையின் நிஜமான பிழைப்பு எங்களுக்குத் தெரிந்தது. முருகன் படமும், தொழுகை விரிப்புகளும், குத்துவிளக்கும் ஓர் அலமாரிக்குள் இருக்கும். வெளியூர் விருந்தாளி வந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, விளக்கேற்றிப் படம் பிடிப்பார்கள். விருந்தாளி போனதும் விளக்கை அணைத்து உள்ளே வைத்துவிடுவார்கள். சனிக்கிழமைகளில் பாடகர் குழுவின் டிரம்ஸ் அங்கே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரிய மனிதர்களுக்குக் கேக்கும் டீயும் அங்கேதான். ஒருநாள் அலமாரியைத் திறந்தால் முருகன் படத்தின் மேல் யாரோ பாதி தின்ற கேக்கைத் தட்டோடு வைத்திருந்தார்களாம். ஈ மொய்த்துக் கிடந்ததாம். துடைத்துவிட்டுப் பேசாமல் இரு என்றேன். துடைத்துவிட்டேன், பேசாமலும் இருக்கிறேன், அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன் என்றாள்.

இனி அந்தப் புதன்கிழமை.

கத்தோலிக்கர்களின் தவக்காலம் ஒரு புதன்கிழமை தொடங்குகிறது. அன்று காலைப் பூசையில் பாதிரியார் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போடுவார். போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று வீட்டுக்குக் கொண்டுபோன ஓலைகளைத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை எரித்த சாம்பல்தான் அது. கரியாக, கறுப்பாக இருக்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். என் மகளுக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அந்த நாளின் பெயர் மட்டும்தான். தமிழில் அதற்குத் திருநீற்றுப் புதன் என்று பெயர்.

போன வருஷம் அந்தச் சாம்பலைத் தயார் செய்தவள் மகளின் தோழி. பெருமாள்மலைக்காரி, கத்தோலிக்கப் பெண். அந்த வாரம் அவள் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலை ஃபாதர் என் மகளைப் பார்த்து, நாளைக்கு வெள்ளனே பூசை, திருநீற்றைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடு பாப்பா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். காலியாக இருந்தது. மூலையில் ஒரு சாக்கில் காய்ந்த ஓலைகள் கிடந்தன. யாரோ கூட்டி அள்ளி வைத்த குப்பை என்று நினைத்தாள். அவள் பையில் எங்கள் கடை விபூதிப் பொட்டலம் இருந்தது. ஒவ்வொரு தடவை ஊருக்கு வந்து போகும்போதும் நான் திணித்து அனுப்புவது. அதைப் பிரித்து, கட்டிகளை விரலால் உதிர்த்து, கிண்ணம் நிறையப் போட்டு வைத்தாள்.

ஏன் கேட்கவில்லை, ஒரு வார்த்தை யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று பின்னால் நான் அவளைப் பிடுங்கி எடுத்தேன். "பூசைன்னு சொன்னாங்க, திருநீறுன்னு சொன்னாங்க, ஆண்டவருன்னு சொன்னாங்க. எல்லாமே நம்ம வீட்டு வார்த்தையா இருக்கும்மா. இதுல எதைப் போய்க் கேக்க?" என்றாள்.

மறுநாள் பூசையில் வரிசை நின்றது. ஜன்னல்களில் மேகம் அப்பியிருந்ததால் உள்ளே பாதி இருட்டு. ஃபாதர் கட்டை விரலைத் தோய்த்து ஒரு பேராசிரியர் நெற்றியில் சிலுவை போட்டார். பளிச்சென்று வெள்ளையாக விழுந்தது. அடுத்த ஆளுக்குத் தோய்த்தவர் நிறுத்தினார். விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். தூண் பக்கம் நின்ற என் மகளைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். பிறகு வரிசை முடியும் வரை எல்லாருக்கும் அதையே பூசினார்.

இதை அவள் அன்று மதியமே எனக்குப் போன் செய்து சொன்னாள். சந்தோஷமாகச் சொன்னாள். தப்புச் செய்துவிட்டேன் போலிருக்கிறது, ஆனால் ஃபாதர் பெரிய மனசோடு சிரித்துவிட்டார், நம் கடைத் திருநீறு எல்லார் நெற்றியிலும் மணக்கிறது என்றாள்.  யாராவது படம் எடுத்தார்களா என்று கேட்டேன். "நீ ஏம்மா போலீஸ் மாதிரியே பேசுற" என்று சிரித்தாள். பூசையைக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் நேரலையாகப் போட்டிருந்தார்கள் என்பது அவளுக்கே அப்போது நினைவில் இல்லை.

அன்று இரவுக்குள் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் சாம்பல் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். குழுவில் இருந்த யாரோ விவரம் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கொட்டியதை நான் என் போனில் படித்தேன். நம் பிள்ளைகள் நெற்றியில் விக்கிரகச் சாம்பலைப் பூசிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம். பழனி ஆண்டவர் பிரசாதத்தைச் சிலுவை போட எடுத்துவிட்டார்கள் என்று இன்னொரு கூட்டம். ஒரு தரப்புக்கு என் மகள் மந்திரக்காரி. இன்னொரு தரப்புக்கு மதம் மாற்றப்பட்ட அப்பாவி. இரண்டு தரப்புமே அவளுடைய படத்தைத் தேடி எடுத்துப் போட்டிருந்தன. பள்ளிச் சுற்றுலாவில் நான் எடுத்த படம்.

மறுநாள் கல்லூரியில் அந்தக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆலயத்தின் தரையையும் பெஞ்சுகளையும் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். என் மகள் அதை நின்று பார்த்திருக்கிறாள். அவளைக் கழுவச் சொல்லவில்லை, தொடவும் விடவில்லை.

அதே வாரம் பழனியில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். அடிவாரக் கடைக்காரர்களுக்கு நடுவில் பெரிய ஆள், கட்சிக்காரர்களோடு பழக்கம் உள்ளவர். என் கணவரை மாப்பிள்ளை என்றும் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டார். அதற்கு முன் தெருவில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. நான் வைத்த பஜ்ஜியைத் தின்றுகொண்டே திட்டத்தைச் சொன்னார். பாப்பாவைக் கட்டாயப்படுத்தித் திருநீறு கொண்டுவரச் சொன்னார்கள் என்று அவள் வாயாலேயே ஒரு வீடியோ வேண்டும். பிறகு சண்முக நதியில் குளிக்க வைத்து, மலைக்குக் கூட்டிப்போய் ஓர் அபிஷேகம் செய்துவிட்டால் தீட்டுக் கழிந்துவிடும். அதையும் வீடியோ எடுத்துக்கொள்ளலாம்.

என் கணவர், அது பிரசாதமே இல்லை, சந்நிதியில் வைத்துக் கொடுத்தது இல்லை, வெறும் கடைச்சரக்கு என்று விளக்கப் பார்த்தார். வந்தவர் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். "ஓஹோ. அப்ப இத்தனை வருசமா பக்தருங்களுக்கு வெறுஞ் சாம்பலத்தான் வித்துக்கிட்டு இருக்கீங்களா மாப்ள?"

வீட்டுக்கு வரவழைத்திருந்த என் மகளிடமே நேராகக் கேட்டார். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை மாமா என்றாள் அவள். அவர் விரலிலிருந்த எண்ணெயை எங்கள் சோபா உறையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அப்படியென்றால் மனசு ஏற்கெனவே மாறிவிட்டது என்று என் கணவரிடம் சொன்னார். அடுத்த நாளிலிருந்து பக்கத்துக் கடைப் பையன்கள் எங்கள் கடைக்குச் "சிலுவைத் திருநீறு" என்று பெயர் வைத்தார்கள். வருகிற பக்தர்களிடம், "அங்க போகாதீங்க, அது அல்லேலூயா சரக்கு" என்பார்கள். என் கணவருக்குக் காதில் விழும்படியாகத்தான் சொல்வார்கள். அவர் சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார்.

ஒரு பக்கம் பினாயில், ஒரு பக்கம் அபிஷேகம். ஆக மொத்தம் இரண்டு இடத்திலும் என் பிள்ளையைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். ஆய்வகத்தில் எத்தனையோ நாற்றங்களைப் பழகியவள் நான். அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்லூரி முதல்வர் எங்களை அழைத்தார். சந்திப்பு அந்தப் பொது அறையிலேயே நடந்தது. சுவரில் இருந்த வட்டத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பெயிண்ட் இன்னும் காயவில்லை. முதல்வர் ஒரு நாற்காலியில், ஃபாதர் இன்னொன்றில், எதிரே நாங்கள் மூவரும். முதல்வர் நல்ல விதமாகத்தான் பேசினார். இது ஒரு சென்சிட்டிவ் விஷயம், யாரையும் தண்டிக்கிற எண்ணம் எங்களுக்கு இல்லை என்றார். வெள்ளிக்கிழமை மாணவர் கூட்டத்தில் என் மகள் எழுந்து, யாருக்கும் தெரியாமல் நான்தான் அதைக் கிண்ணத்தில் போட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் போதும். எல்லாம் அதோடு முடிந்துவிடும். ஹாஸ்டல், படிப்பு, நன்னடத்தைச் சான்றிதழ், எதற்கும் பங்கம் வராது.

எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. மகளின் முழங்கையை அழுத்தினேன். சரி என்று சொல், வெரசா சொல்லிவிட்டு எழுந்து வா என்பதுதான் அதன் பொருள்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்கிறேன், மன்னிப்பும் கேட்கிறேன் என்றாள் அவள். பிறகு முதல்வரைப் பார்த்து, "ஆனா யாருக்கும் தெரியாமன்னு சொல்ல மாட்டேன் மேடம். ஃபாதருக்குத் தெரியும்" என்றாள்.

முதல்வர் ஃபாதரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். அன்று மேகமாக இருந்தது, கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, தனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை என்றார். அதே மெல்லிய குரலில் சொன்னார்.

"நீங்க மோந்து பாத்தீங்க ஃபாதர். என்னைப் பாத்துச் சிரிச்சீங்க."

"எனக்கு ஞாபகம் இல்லையேம்மா."

பாப்பா என்று கூப்பிடவில்லை. அதுவரை பேசாமல் இருந்த என் கணவர், "சாமி, நீங்களா" என்றார்.  ஃபாதர் புதுப் பெயிண்ட் அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவில்லை. நாற்காலியில் இன்னும் பணிவாக உட்கார்ந்து, அவள் சின்னப் பெண் மேடம், யோசித்துச் சொல்வாள் என்றேன்.

வெளியே வந்து வராந்தாவில் வைத்துக் கெஞ்சினேன். நாலு வார்த்தை, சொன்னால் தேய்ந்தா போவாய் என்றேன். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, இங்கிருந்து போனால் பாதியில் எவன் சேர்த்துக்கொள்வான் என்றேன். அவள் அழவில்லை. "அவரு சிரிச்சதாலதாம்மா நான் தைரியமா இருந்தேன். அது நடக்கவே இல்லன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியா?" என்றாள். என் கணவர் அவள் பக்கம் போய் நின்றுகொண்டார். முப்பது பேர் குளிக்கும் நதியில் மகளை நிற்கவைத்துப் படம் பிடிக்கக் கேட்டு வந்தவனிடம்கூட சிரித்துப் பேசிய மனிதர் அவர். அன்று என்னைப் பார்த்து, விடு, அவளை இனி எதுவும் சொல்லாதே என்றார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் பேசவில்லை. அவளுடைய பாதுகாப்புக்காக ஹாஸ்டலில் வைத்துக்கொள்ள இயலாது, வகுப்புக்கு மட்டும் வந்து போகலாம், சான்றிதழ் விஷயம் கடைசியில் முடிவு செய்யப்படும் என்று தகவல் சொன்னார்கள். பொது அறையைப் பராமரிப்பு வேலை என்று பூட்டிவிட்டார்கள். அதற்குள் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம்.

நான் பள்ளிக்குச் சம்பளமில்லா விடுப்புப் போட்டேன். பெருமாள்மலையில், காய்ச்சலில் கிடந்த அந்தத் தோழியின் வீட்டிலேயே பின்பக்கம் ஓர் அறை கொடுத்தார்கள். தோழியின் அம்மா அன்று பூசையில் இருந்தவர். ஒருநாள் அடுப்படியில் அவரே பேச்சை எடுத்தார். "வருசா வருசம் கரி கண்ணுல விழுந்து எரியும்ங்க. இந்த வருசந்தான் வாசனையா இருந்துச்சு. இதுக்குப் போய் இப்பிடி ஆடுறாங்களே, இவங்களுக்கெல்லாம் வேற சோலி இல்லையா?" அந்த வாரம் முழுவதும் நான் கேட்ட மனுஷப் பேச்சு அது ஒன்றுதான். ஆனால் அதைப் போய் முதல்வரிடம் சொல்கிறீர்களா என்று கேட்டபோது, எங்கள் வீட்டுக்காரர் அங்கேதான் டிரைவராக இருக்கிறார் என்று சொல்லிக் குனிந்து வெங்காயம் நறுக்கினார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.

காலையில் மகளைக் கொடைக்கானல் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். அவள் இறங்கிவிட்டேன் என்று செய்தி அனுப்பும் வரை நிறுத்தத்திலேயே நிற்பேன். வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்பதை அவள் சொல்லவில்லை. தோழி சொன்னாள்.

போன வாரம் ஒரு மாலை, கடைத்தெருவில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரி ஜீப் வந்து நின்றது. ஃபாதர் இறங்கினார். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறப்போனவர், என்ன நினைத்தாரோ, அருகில் வந்தார். சாதாரணச் சட்டை போட்டிருந்தார், தலையில் குல்லா. பிள்ளை நன்றாகப் படிக்கிறதா என்று கேட்டார். நான் கேரட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போகவில்லை. கடைக்காரர் உள்ளே போகும்வரை நின்றுவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

"தெரியும்னு சொல்லியிருந்தா என்னை இங்கேருந்து மாத்திடுவாங்கம்மா. இந்த வயசுல சமவெளி வெயில் எனக்கு ஒத்துக்காது."

ஏதோ உடம்புக்கு முடியாததை டாக்டரிடம் சொல்வதுபோல் சொன்னார். நான் மன்னித்து ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றார். அவர் வாயிலிருந்து ஏலக்காய் டீ மணம் வந்தது. 

"மாத்துனா நீங்க வேற ஊருக்குப் போவீங்க. அங்கயும் உங்களுக்கு ஒரு ரூமும் சமையலுக்கு ஆளும் இருக்கும். அவ எங்க போவா?" என்றேன்.

அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கேரட்டை வாங்காமலே நான் அறைக்குத் திரும்பினேன்.

மகள் கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் நானும் அவரைப் போல ஆகிவிடுவேன் என்று பட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"ஒத்துக்கிட்டாரா?" என்று நிமிர்ந்தாள்.

"ஒத்துக்கிட்டார்."

"யாருகிட்ட?"

"என்கிட்டதான்."

"ஒன்கிட்ட மட்டுமா" என்று கேட்டாள். பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாளைக்கு முதல் மணி நேரம் டெஸ்ட் இருக்கிறது, முதல் பஸ்ஸுக்கு எழுப்பிவிடு என்றாள்.